பன்மொழிப் பெயர்ப்பலகையும் கணினி வரைகலையும்: மல்லேஸ்வரத்தை முன்வைத்து

வரைகலை வடிவமைப்புத் தொழிலின் அடிப்படைத் திறன் எது என்ற கேள்விக்கு மென்பொருள் பயிற்சி நிலையங்களின் விளம்பரத் தாள்கள் தரும் விடையும், பெயர்ப்பலகை செய்யும் பட்டறை தரும் விடையும் ஒன்றல்ல. பயிற்சி நிலையம் படத்தின் பின்புலத்தை நீக்குதல், நிழல் சேர்த்தல், முகத்தைத் துலக்குதல் போன்ற கண்கவர் உத்திகளை முன்னிறுத்துகிறது; பட்டறையோ, வந்து சேரும் கோப்பில் எழுத்து உடையாமல் இருக்கிறதா, வெட்டும் எந்திரம் அதைத் தடையின்றி வெட்டுமா என்ற இரண்டை மட்டுமே கேட்கிறது. பெங்களூரு போன்ற நகரத்தில், அதிலும் மல்லேஸ்வரம் போன்ற பழைய கடைவீதிப் பகுதியில், பட்டறையின் கேள்வியே வடிவமைப்பாளரின் பிழைப்பைத் தீர்மானிக்கிறது. எழுத்து, அது எந்த மொழியின் எழுத்தாயினும், தட்டச்சுத் தொடங்கிச் சுவரில் ஏறும் வரை எழுத்தாகவே உயிரோடு இருக்கச் செய்வதுதான் இத்தொழிலின் முதல் கைத்திறன் என்பதே இவ்வுரையின் நிலைப்பாடு.

1890-களில் திட்டமிடப்பட்டு, 1898-இல் நகரைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின் குடியேற்றம் பெருகிய மல்லேஸ்வரம், சம்பிகே சாலை, மார்கோசா சாலை என மரங்களின் பெயர் தாங்கிய தெருக்களையும் எண்ணிட்ட குறுக்குத் தெருக்களையும் கொண்டது. ஒருபுறம் இந்திய அறிவியல் கழகமும் மறுபுறம் தமிழர் மிகுதியாக வாழும் ஸ்ரீராமபுரமும் இதற்கு அண்டை. மரக்கிளைகள் பலகைகளைப் பாதி மறைக்கும் இத்தெருக்களில் கன்னடமும் ஆங்கிலமும் எங்கும் உண்டு. தமிழும் தெலுங்கும் இந்தியும் வாடிக்கையாளரைப் பொறுத்துச் சேரும். ஆகவே இங்கே பணிபுரியும் தமிழ் வடிவமைப்பாளர் ஒருவர் தம் தாய்மொழியை மட்டும் அறிந்து காலம் தள்ள இயலாது.

இந்தச் சூழலுக்கு அண்மையில் சட்டமும் ஒரு கணக்கைச் சேர்த்தது. கடைகளின் பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடமாக இருக்க வேண்டும், அது பலகையின் மேற்பாதியில் இடம்பெற வேண்டும் என்னும் திருத்தத்தைக் கர்நாடகச் சட்டமன்றம் 2024 பிப்ரவரியில் நிறைவேற்றியது. 2023 டிசம்பர் இறுதியில் ஆங்கிலப் பலகைகளுக்கு எதிராக நகரில் நடந்த போராட்டங்கள் அதற்கு உடனடித் தூண்டுதலாக அமைந்தன. தமிழ்நாட்டிலும் இத்தகைய விதி நெடுங்காலமாக உண்டு: தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்பது அங்குள்ள கடைகளுக்கான விதி. இவ்விதிகளை அரசியலாகப் பார்ப்போர் பலர்; வரைகலையாளருக்கு அவை முதலில் வடிவக் கணக்கு.

அக்கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 12 அடி அகலமும் 3 அடி உயரமும் கொண்ட ஒரு பலகையின் பரப்பு 36 சதுர அடி. அதில் 60 விழுக்காடு 21.6 சதுர அடி. கன்னட வரி முழு அகலத்துக்கும் ஓடுமாயின் அதற்கு 21.6 அங்குல உயரப் பட்டை கிடைக்கும், எஞ்சிய 14.4 அங்குலம் பிற மொழிகளுக்கு. மேலும் கீழும் ஓரம் விட்டபின் கன்னடத்துக்கு 18 அங்குலம் மிஞ்சுகிறது என்று கொள்வோம். ஆனால் கன்னட எழுத்து அந்த 18 அங்குலம் முழுவதையும் தன் உடலால் நிரப்புவதில்லை. எழுத்தின் தலையில் நிற்கும் தலைக்கட்டு என்னும் கோடும் உயிர்க்குறிகளும் மேலே இடம் கேட்கும். மெய்யோடு மெய் சேரும்போது இரண்டாம் மெய் சிறுத்து அடியில் தொங்குவதாகிய ஒத்தட்சரம் கீழே இடம் கேட்கும். ஒத்தட்சரம் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் எழுத்தின் உடல் 12 அங்குலமாகக் குறைகிறது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளுக்கோ மேல்தொங்கலும் இல்லை, கீழ்த்தொங்கலும் இல்லை, 14.4 அங்குலப் பட்டையில் அவை 10 அங்குலத்தைத் தடையின்றி நிரப்பிக்கொள்ளும். விளைவாக, அளவுநாடாவின் கணக்கில் கன்னடம் முந்தினாலும் கண்ணின் கணக்கில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகிவிடுகின்றன. ஆங்கிலத்தைத் தடித்த எழுத்தில் வைத்தால் அதுவே முந்தும். சட்டத்தைக் கடைப்பிடித்தும் அதன் நோக்கத்தைத் தவறவிட்ட பலகைகள் பல இப்படித்தான் உருவாகின்றன. பரப்பை முதலில் பிரித்துவிட்டு எழுத்தை அதற்குள் திணிப்பதைவிட, ஒவ்வொரு எழுத்துமுறையின் உடல் உயரத்தையும் கோட்டுத் தடிப்பையும் முதலில் ஒப்பிட்டு முடிவு செய்து, பின்னர் பரப்பைச் சரிபார்ப்பதே முறை. 10 அடித் தொலைவுக்கு 1 அங்குல எழுத்துயரம் என்று பலகைத் தொழிலில் வழங்கும் தோராய விதியும் ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துப் பிறந்ததே. சுழிகளும் கண்களும் மிகுந்த கன்னடத்துக்கும் தமிழுக்கும் அதைவிடத் தாராளமான அளவு தேவை, அதுவும் தொங்கல்களை நீக்கிய உடல் உயரத்தைக் கொண்டே கணிக்கப்பட வேண்டும்.

பலகையின் வெளிக்கணக்கு இவ்வாறிருக்க, எழுத்தின் உட்கணக்கு இன்னும் நுட்பமானது. மல்லேஸ்வரம் என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் உலகப் பொதுக் குறியீட்டு முறையாகிய யூனிகோடில், தமிழில் எழுதப்பட்ட இப்பெயர் ம, ல, புள்ளி, ல, இரட்டைக்கொம்பு, ஸ, புள்ளி, வ, ர, ம, புள்ளி என 11 குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. கன்னடத்தில் 10 குறிகள். எண்ணிக்கையில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் திரையில் தோன்றும்போது இரண்டும் பிரிந்துவிடுகின்றன. தமிழில் சேமிப்பில் லகரத்துக்குப் பின்னால் இருக்கும் இரட்டைக்கொம்பு பார்வைக்கு லகரத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். மற்ற எழுத்துகள் ஒரே வரிசையில் பக்கவாட்டில் நீள்கின்றன. கன்னடத்திலோ இரண்டாம் லகரம் முதல் லகரத்தின் அடியில் ஒத்தட்சரமாக இறங்கி, நெடிலைக் காட்டும் குறி வலப்புறம் ஒட்டி, சகரத்தின் கீழ் வகரம் தொங்கி, இறுதி மகரம் ஒரு சிறு வட்டமாகச் சுருங்குகிறது. ஒரே பெயருக்கு ஓர் எழுத்துமுறை அகலத்தையும் மற்றொன்று ஆழத்தையும் கேட்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சொல் கிடைப்பது அரிது.

சேமிப்பு வரிசையைப் பார்வை வரிசையாக மாற்றும் வேலையைச் செய்வது எழுத்துக்கோப்பு இயந்திரம் எனப்படும் மென்பொருட்பகுதி. எழுத்துருவுக்குள் பொதிந்திருக்கும் ஓப்பன்டைப் விதிகளை, அதாவது எந்தக் குறிகள் சேர்ந்தால் எந்த வடிவம் வர வேண்டும் என்னும் அட்டவணைகளைப் படித்து, அது உருவங்களைத் தேர்ந்து அடுக்குகிறது. கட்டற்ற மென்பொருளாகிய ஹார்ஃப்பஸ் இவ்வகையில் பரவலானது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் லிபர்ஆபிஸிலும் இயங்குவது அதுவே. வாடிக்கையாளர் கைப்பேசியில் சரியாகத் தெரிந்த சொல் வடிவமைப்பாளரின் கணினியில் உடைந்து தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் எழுத்துருவில் இல்லை. அந்த வரைகலை மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான கோப்புமுறை தேர்ந்தெடுக்கப்படாமல் இருப்பதே காரணம். இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்பதைத் தேர்தல் வேண்டும். இவ்வசதி 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்பிலிருந்து தமிழும் கன்னடமும் உட்பட்ட இந்திய மொழிகளுக்குக் கிடைக்கிறது. இல்லஸ்ட்ரேட்டரில் எழுத்து விருப்பங்களில் இந்திய மொழித் தெரிவுகளை முதலில் வெளிக்காட்டச் செய்ய வேண்டும். போட்டோஷாப்பின் பல பதிப்புகளில் எழுத்து இயந்திரம் என்னும் தெரிவில் தெற்காசிய மொழிகளுக்கானதைத் தேர்ந்து, புதிய கோப்பில் தொடங்க வேண்டும். இங்க்ஸ்கேப் போன்ற கட்டற்ற மென்பொருள்களில் இத்தொல்லையே இல்லை என்பது பலர் கவனிக்காத உண்மை. கொம்பு எழுத்துக்குப் பின்னால் நிற்பதும், புள்ளியிட்ட வெற்று வட்டம் ஒன்று தோன்றுவதும், ஒத்தட்சரம் கீழிறங்காமல் முழு எழுத்தாகப் பக்கத்தில் நிற்பதும் கோப்புமுறை தவறியதன் அடையாளங்கள். இவற்றைக் கண்டதும் எழுத்துகளைக் கையால் நகர்த்தி ஒட்டவைக்கும் பழக்கம் இன்றும் உள்ளது. அவ்வாறு ஒட்டப்பட்ட சொல்லை அடுத்தமுறை திருத்தவும் இயலாது, தேடவும் இயலாது.

இப்பழக்கத்தின் வேர் பழைய எழுத்துருக் காலத்தில் இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்துச் செய்யப்பட்ட பாமினி போன்ற எழுத்துருக்கள் ஈழத்திலும் புலம்பெயர் தமிழரிடையிலும் தமிழக ஃபிளெக்ஸ் கடைகளிலும் வேரூன்றின. அவற்றில் தட்டச்சிட்ட உரை கணினிக்கு ஆங்கிலக் குப்பை, மனிதக் கண்ணுக்கு மட்டுமே தமிழ். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு டாம், டாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் வரையறுத்தது. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. கன்னடத்தின் பாதை இதற்கு இணையாகச் சென்றது. அச்சுத்தொழில்நுட்பத்தில் பழுத்த அனுபவம் கொண்ட கே.பி. ராவ் வகுத்த ஒலிப்புமுறை விசைப்பலகை கன்னடத்தின் தரமாயிற்று. கன்னட கணக பரிஷத்து உருவாக்கிய நுடியும், சேஷாத்ரி வாசு 1998-இல் வெளியிட்ட பரஹாவும் ஒரு தலைமுறையையே கன்னடத்தில் தட்டச்சிட வைத்தன. மல்லேஸ்வரத்துக்கு அண்டையிலிருக்கும் இந்திய அறிவியல் கழகத்திலிருந்து கேதகே, மல்லிகே என்ற இரண்டு கட்டற்ற கன்னட எழுத்துருக்கள் வந்தன. மலர்களின் பெயர் தாங்கிய இவ்விரண்டும், சம்பிகே மரத்தின் பெயர் தாங்கிய சாலைக்கு வெகு அருகில் பிறந்தன என்பது ஒரு சுவையான தற்செயல்.

பழைய குறியீட்டில் இருக்கும் உரையை யூனிகோடுக்கு மாற்றும் மாற்றிகள் பல உள்ளன. அவற்றை நம்புவதில் தவறில்லை. மாற்றியபின் படித்துப் பார்க்காமல் இருப்பதே தவறு. பழைய முறையில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பின்னர் அடிப்பர், யூனிகோடில் எழுத்து முதலில், குறி பின்னர். இவ்விடம் மாறும்போது பிழைகள் புகுகின்றன. அவற்றைவிட மோசமானவை தட்டச்சாளரே விதைத்த பிழைகள்: துணைக்கால் வேண்டிய இடத்தில் ரகரத்தையும், ஔகாரத்துக்குப் பதில் ஒகரத்தோடு ளகரத்தையும் அடிப்பது பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியாது. புதிய எழுத்துருவில் ரகரத்தின் அடிக்கோடு வெளிப்பட்டு 12 அடிப் பலகையில் ஊரறியத் தெரியும்.

எழுத்துருத் தேர்வில் இன்று வடிவமைப்பாளருக்குக் கிடைத்திருக்கும் வசதி முந்தைய தலைமுறை கனவிலும் காணாதது. மும்பையின் ஏக் டைப் குழுவினர் உருவாக்கிய பலூ எழுத்துருவில் கன்னடத்துக்குத் தம்ம என்றும் தமிழுக்குத் தம்பி என்றும் பெயரிட்ட வடிவங்கள் உண்டு. இரண்டும் ஒரே பொருளைக் குறிக்கும் உறவுப்பெயர்கள். அதே குழுவினர் 2022-இல் வெளியிட்ட அநேக் குடும்பம் 9 இந்திய எழுத்துமுறைகளையும் இலத்தீனையும் ஒரே தோற்றத்தில் தருகிறது. அது மாறும் எழுத்துரு என்னும் வகையைச் சேர்ந்தது. தடிப்பு, அகலம் ஆகியவற்றை நிலையான படிகளாகத் தராமல் ஒரு நகர்கோலால் கூட்டிக் குறைக்கும்படி ஒரே கோப்பில் அடக்கித் தருவது மாறும் எழுத்துரு. அநேக்கில் அகலத்தை 75 முதல் 125 வரை நகர்த்தலாம். பலகைத் தொழிலில் இதன் பயன் பெரிது. நீண்ட தமிழ்ப் பெயரைக் குறுகிய இடத்தில் அடக்குவதற்கு எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குவதே கடைகளின் வழக்கம்; நசுக்கும்போது நெடுக்குக் கோடுகள் மெலிந்து கிடைக்கோடுகள் தடித்தபடியே நின்று எழுத்து நோய்வாய்ப்பட்டதுபோல் ஆகிறது. அகல நகர்கோலைப் பயன்படுத்தினால் கோட்டுத் தடிப்பு மாறாமல் உருவம் ஒடுங்கும். எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாதபோது மென்பொருள் தானாகப் பூசும் செயற்கைத் தடிப்பும் இதே காரணத்தால் ஒதுக்கத்தக்கது. கன்னடத்தின் சுழிகளும் தமிழின் ணகர, னகரக் கண்களும் அதில் அடைபடுகின்றன. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டும் ஆங்கில உத்தியும் நம் எழுத்துகளுக்குப் பொருந்தாது. கொம்பும் எழுத்தும் விலகி, ஒற்றைச் சொல் இரண்டாகத் தோன்றும்.

துண்டறிக்கை, சிறுநூல் போன்ற அச்சுவேலைகளில் இரண்டு எழுத்துமுறைகள் ஒரே வரியில் வரும்போது, ஒரே புள்ளியளவில் ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ் சிறிதாகவும், அல்லது மறுதலையாகவும் தோன்றுவது இயல்பு. ஒவ்வொரு சொல்லாகத் தேர்ந்து அளவை மாற்றுவது வீண் உழைப்பு. இன்டிசைனின் பத்திப் பாணிக்குள் கிரெப் பாணி என்னும் வசதி உண்டு; இலத்தீன் எழுத்துகளும் எண்களும் வரும் இடங்களைத் தானாகக் கண்டறிந்து, அவற்றுக்கு மட்டும் 92 விழுக்காடு அளவு என்பதுபோல் ஓர் எழுத்துப் பாணியைப் பூசும்படி ஒருமுறை விதித்துவிட்டால் நூறு பக்கமாயினும் அதுவே பார்த்துக்கொள்ளும். புள்ளி வைத்த மெய்யெழுத்து வரியின் தொடக்கத்தில் வரக்கூடாது என்ற பழைய அச்சுக்கோப்பாளர் ஒழுங்கையும் இங்கே மறந்துவிடலாகாது.

கோப்பு பட்டறைக்குச் செல்லும் கட்டத்தில்தான் திறமையின் உண்மைச் சோதனை. ஒட்டுத்தாளாகிய வினைலையோ அலுமினியக் கூட்டுப் பலகையையோ வெட்டும் எந்திரம் எழுத்தைப் படிப்பதில்லை. வடிவத்தின் ஓரக்கோடு எங்கே ஓடுகிறதோ அங்கே கத்தியை ஓட்டுகிறது. ஆதலால் எழுத்தை அவுட்லைன், அதாவது ஓரக்கோட்டு வடிவமாக, மாற்றித் தர வேண்டும். மாறும் எழுத்துருக்கள் பலவற்றில் ஓர் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று படியும் பல துண்டுகளால் ஆனது: கன்னடத் தலைக்கட்டு ஒரு துண்டு, உடல் மற்றொரு துண்டு. திரையில் இரண்டும் ஒரே கருமையாய்த் தெரிவதால் படிவு புலப்படாது. கத்தியோ இரண்டின் ஓரங்களையும் வெட்டி எழுத்தின் நடுவே கீறிவிடும். நிரப்பு நிறத்தை நீக்கிக் கோடுகளை மட்டும் காட்டும் பார்வைக்குச் சென்று சோதித்து, படிந்த துண்டுகளை ஒன்றிணைக்கும் கட்டளையால் இணைத்த பின்னரே கோப்பை அனுப்ப வேண்டும். கையால் வரைந்த எழுத்தாயின் வளைவின் உச்சி, அடி, இடம், வலம் ஆகிய எல்லைப் புள்ளிகளில் மட்டும் கணுக்களை வைத்தால் வெட்டு வழவழப்பாக அமையும். படத்திலிருந்து தானாகச் சுவடெடுத்த வடிவத்தில் நூற்றுக்கணக்கான கணுக்கள் குவிந்து கத்தி நடுங்கிய தடம் பலகையில் தெரியும். தனித்தனியாக வெட்டி நிறுத்தும் புடைப்பெழுத்துகளில் தமிழின் புள்ளியும் கன்னடத்தின் ஒத்தட்சரமும் உடலோடு ஒட்டாத தீவுகள். அவை ஒவ்வொன்றுக்கும் தனித் திருகாணி வேண்டும், உள்ளே விளக்கு வைப்பதாயின் தனி மின்கம்பியும் வேண்டும். புள்ளி விழுந்த பலகை சொல்லையே மாற்றிவிடும் என்பதை மழைக்காலம் ஆண்டுதோறும் மெய்ப்பிக்கிறது.

அச்சிடும் ஃபிளெக்ஸ் பதாகைக்கு வேறு கணக்கு. பல அடி தொலைவிலிருந்து பார்க்கப்படும் பதாகைக்கு இறுதி அளவில் அங்குலத்துக்கு 100 படப்புள்ளிகள் போதும். புத்தகத்துக்குரிய 300-ஐ வைத்து மாபெரும் கோப்புகளை உருவாக்குவது கணினியைத் திணறடிப்பதன்றிப் பயன் தராது. இல்லஸ்ட்ரேட்டரின் வழக்கமான வரைபரப்பு ஏறத்தாழ 227 அங்குலத்தோடு நின்றுவிடுவதால், 40 அடிப் பதாகையைப் பத்தில் ஒரு பங்கு அளவில் வரைவது வழக்கம். அப்போது படத்தின் அடர்த்தி பத்து மடங்காக இருக்க வேண்டும் என்பதை மறப்பவர் பலர். துண்டறிக்கை போன்ற தாள் அச்சிலோ, சிறிய தமிழ் எழுத்தைக் கறுப்பு மை ஒன்றால் மட்டும் அச்சிட வேண்டும். நான்கு மைகளும் கலந்த கறுப்பில் தகடுகள் மயிரிழை விலகினாலும் எழுத்தின் கண்கள் மங்கிப்போகும்.

கன்னடம் படிக்கத் தெரியாத தமிழ் வடிவமைப்பாளர் பிழையைக் கண்டுகொள்வது எப்படி என்ற கேள்வி இந்நகரில் உண்மையானது. வாசகத்தை எழுத்தாகவும் படமாகவும் ஒருங்கே கேட்டுப் பெறுவதே பயன்தரும் வழி. படத்தைத் தனி அடுக்கில் பாதி ஒளிபுகும்படி வைத்து, அதன் கீழ்த் தம் கோப்பின் எழுத்தை ஒவ்வொன்றாக ஒப்பிட்டால், பொருள் புரியாவிடினும் விடுபட்ட ஒத்தட்சரமும் இடம்மாறிய குறியும் கண்ணில் படும். அதன்பிறகும் கன்னடம் அறிந்த ஒருவரின் கையொப்பம் இல்லாமல் வெட்ட அனுமதிப்பது துணிச்சல் அல்ல, அலட்சியம்.

கோப்பைச் சேமிக்கும் முறையில் ஒன்று எஞ்சியிருக்கிறது. மல்லேஸ்வரத்தின் விளிம்பிலுள்ள சம்பிகே சாலை மெட்ரோ நிலையம் 2014 மார்ச் 1 அன்று திறக்கப்பட்டபோது நம்ம மெட்ரோவின் பெயர்ப்பலகைகளில் இந்தியும் இருந்தது. 2017-இல் எழுந்த எதிர்ப்புக்குப் பின் அது நீக்கப்பட்டது. மூன்று மொழிகளுக்கு அளந்து வைத்த இடத்தில் இரண்டு மொழிகளை மறுபடி அமைக்க வேண்டிய வேலை எந்தக் கடைக்காரருக்கும் எந்த ஆண்டிலும் வரலாம். 60 விழுக்காட்டு விதி வந்தபோது எண்ணற்ற கடைகளுக்கு வந்தது. அந்நாளில் ஓரக்கோட்டு வடிவம் மட்டும் கையிலிருப்பவர் அனைத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு பணிக்கும் இரண்டு கோப்புகள் வேண்டும்: எழுத்து யூனிகோடு எழுத்தாகவே இருக்கும் மூலக்கோப்பு, வெட்டுவதற்கான ஓரக்கோட்டுக் கோப்பு. மூலக்கோப்பில் மொழிக்கு ஓர் அடுக்கு வைத்து அதற்கு மொழியின் பெயரையே இட்டு, பயன்படுத்திய எழுத்துருவையும் அதன் உரிமச் சீட்டையும் அதே உறையில் சேர்த்துக் கடைக்காரரிடமும் ஒரு படி கொடுத்துவிட வேண்டும்.